வேர்ட்பிரஸில் தளம் கட்டுவதும் பிழைப்பு நடத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் சரி, ஏற்கெனவே இரண்டு மூன்று தளம் கட்டி முடித்தவர்களும் சரி, என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

வேர்ட்பிரஸ்னா பிளாக் எழுதுறதுக்குத்தானே சார்? கம்பெனி சைட்டுக்கெல்லாம் தாங்குமா?

தொடங்கியது பிளாகுக்காகத்தான். பி2 என்ற சின்ன மென்பொருள் கவனிப்பார் இல்லாமல் நின்றுபோனது. அமெரிக்காவில் இருந்த மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அதன் நிரலை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிறகு பக்கங்கள், தோற்றத்தை மாற்றும் தீம்கள், கூடுதல் வசதி சேர்க்கும் ப்ளக்இன்கள் என்று விரிந்துகொண்டே போனது. இன்று உலகத் தளங்களில் பத்துக்கு நான்குக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. நாசாவே 2023இல் தன் தளத்தை இதற்கு மாற்றியது. உங்கள் ஊர் ஜவுளிக்கடை தளத்தை இது தாங்கும். தாங்காத தளங்களைத் திறந்து பார்த்தால், மலிவு ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் வாடகை சர்வர்) கண்டபடி போட்ட ப்ளக்இன்களும்தான் காரணமாக இருக்கும்.

டாட் காம்ல ஆரம்பிக்கவா, டாட் ஆர்க்கிலா? ரெண்டும் ஒண்ணுதானா?

ஒன்றில்லை. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது மென்பொருளை இலவசமாகத் தரும் இடம். பதிவிறக்கி, நீங்களே வாங்கிய ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ள வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் நடத்தும் சேவை. மென்பொருள் அதேதான், ஆனால் நிர்வாகம் அவர்கள் கையில். இலவசக் கணக்கில் விருப்பப்பட்ட ப்ளக்இன் போட முடியாது. ஆட்டோமேட்டிக்கை 2005இல் தொடங்கியவரும் முல்லன்வெக்தான் என்பதால் இந்தக் குழப்பம் தீராமலே இருக்கிறது.

எழுத மட்டும் வேண்டுமென்றால் டாட் காம் போதும். தொழிலாகக் கற்பதென்றால் டாட் ஆர்க் வழியே போங்கள்.

ஓப்பன் சோர்ஸ்னா ஓசின்னு சொன்னாங்க, அப்புறம் எதுக்கு எல்லாத்துக்கும் காசு கேக்குறாங்க?

வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருகிறது. அது உங்களுக்குத் தருவது சுதந்திரம்: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் பிறருக்குக் கொடுக்கலாம். விற்கவும் செய்யலாம். "காசு வாங்கக் கூடாது" என்று அந்த உரிமத்தில் எங்கும் இல்லை. டொமைன் என்ற தள முகவரியும் ஹோஸ்டிங்கும் வேறு ஆட்கள் தரும் சேவை, அதற்கு வருடாவருடம் கட்டித்தான் ஆக வேண்டும். காசுக்கு விற்கிற ப்ளக்இன்களில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் அப்டேட்டும் உதவியும்தான்.

இந்தப் பதிலை மறந்துவிடாதீர்கள், கீழே இரண்டு மூன்று இடங்களில் தேவைப்படும்.

பிஎச்பி தெரியாம இதுல வேலை கிடைக்குமா?

பிஎச்பி என்பது வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி. அது தெரியாமலும் வேலை கிடைக்கும், ஆனால் எந்த வேலை என்பதைப் பொறுத்தது. தளம் அமைத்துக் கொடுக்க, உள்ளடக்கம் ஏற்ற, பராமரிக்க ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் ஓரளவு பிஎச்பியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் போதும். தீம், ப்ளக்இன் எழுதப் போகிறீர்கள் என்றால் பிஎச்பி கட்டாயம். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு குட்டன்பர்க் என்ற பிளாக் எடிட்டர் வந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டும், அதில் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பும் சேர்ந்துகொண்டது. பிஎச்பி மட்டும் தெரிந்த பழைய ஆட்கள் பலர் அந்த வருடம் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கற்றுவிடுவது நல்லது.

எலிமென்டார் மாதிரி பேஜ் பில்டர் மட்டும் கத்துக்கிட்டா போதாதா அண்ணா?

நிரல் எழுதாமல் இழுத்துப்போட்டுப் பக்கம் கட்டும் கருவி அது. முதல் சம்பாத்தியத்துக்குப் போதும். ஆனால் அந்த பில்டரை நிறுத்திய அன்று பக்கத்தின் வடிவமைப்பு என்ன ஆகும் என்று ஒரு சோதனைத் தளத்தில் செய்து பாருங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் அதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

ஹோஸ்டிங் வாங்காம லேப்டாப்லயே பழகலாமா?

தாராளமாக. லோக்கல் என்ற இலவச மென்பொருளோ எக்ஸ்ஏஎம்பிபியோ போட்டால் உங்கள் கணினியிலேயே தளம் ஓடும். அதுகூட வேண்டாமென்றால் வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் இருக்கிறது. பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் திறக்கும், எதையும் நிறுவ வேண்டாம். உடைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

தமிழ்ல தலைப்பு வச்சா லிங்க் முழுக்க பர்சன்ட் குறியா வருது, பாதியில அறுந்தும் போகுது. என்ன பண்றது?

தமிழில் தளம் நடத்துகிற எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் இடம் இது. இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே பயணிக்காது. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாறும். ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம். வேர்ட்பிரஸோ பதிவின் முகவரித் துண்டுக்கு மொத்தம் 200 இடம்தான் ஒதுக்குகிறது. கணக்குப் போட்டால் 22 குறியீடுகள். இதில் புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறியீடு என்பதை மறக்கக் கூடாது ("பொ"வில் வரும் கொம்பும் காலும் மட்டும் சேர்ந்து ஒன்று). "தமிழ்" என்ற சொல்லே ஐந்து குறியீடு, 45 இடம்.

"பொங்கல் பண்டிகைக் கொண்டாட்டம்" என்று ஒரு தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு சொற்கள் இடைவெளிகளோடு 146 இடம் தின்றுவிடும். மீதி 54இல் ஆறு குறியீடுதான் அடங்கும். முகவரி "பொங்கல்-பண்டிகைக்-கொண்டா" என்று முடியும். ஏதோ பொங்கலைக் கொண்டுவரச் சொல்வது போல.

தீர்வு எளிது. வெளியிடும் முன் முகவரித் துண்டை நீங்களே கையால் எழுதுங்கள். ஒன்றிரண்டு தமிழ்ச் சொல்லில் சுருக்கமாக வைக்கலாம், அல்லது ஆங்கில எழுத்தில் வைக்கலாம். வாட்ஸ்அப்பில் பகிர இரண்டாவதுதான் வசதி. ஏற்கெனவே வெளியான பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துப் புதியதற்குத் திருப்பிவிடும். ஆனால் பதிவுகளுக்கு மட்டும்தான் இது, பக்கங்களுக்கு இல்லை. பக்கத்தை மாற்றினால் திருப்பிவிடும் ஏற்பாட்டை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சைட்டை வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தினேன், தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆயிடுச்சு!

முதலில் பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்துவிடாதீர்கள். புரியாத ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் தரவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, தவறான குறியாக்கத்தில் படிக்கப்படுகிறது என்று அர்த்தம். சரிசெய்துவிடலாம். தரவுத்தளத்துக்குள்ளேயே கேள்விக்குறிகளாகப் பதிந்திருந்தால் அசல் எழுத்து போய்விட்டது, பேக்கப்பிலிருந்து மறுபடி எடுப்பதே வழி.

2015இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்துக்கு மாறிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய தளங்கள் சிலவற்றில் பழைய லத்தீன் அட்டவணைகள் இன்னும் கிடக்கின்றன. மாற்றும் முன் ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து ஒரு தமிழ் வரியைத் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

ஒரு சைட்ல எத்தனை ப்ளக்இன் வரைக்கும் போடலாம்?

எண்ணிக்கை முக்கியமில்லை. நன்றாக எழுதிய முப்பது ப்ளக்இன் இருக்கிற தளம் ஜம்மென்று ஓடுவதையும், மோசமான ஒன்றே ஒன்று தளத்தைப் படுக்கவைப்பதையும் பார்க்கலாம். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, உதவிக் கேள்விகளுக்கு எழுதியவர் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். பயன்படுத்தாததை நிறுத்திவைப்பதோடு விடாமல் அழித்துவிடுங்கள்.

காசு ப்ளக்இன் நல்டு வெர்ஷன் ஃப்ரீயா கிடைக்குது. ஜிபிஎல்தானே, போட்டா என்ன தப்பு?

மேலே உரிமம் பற்றிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கேள்வி வரும். ஜிபிஎல் நிரலாக இருந்தால் பகிர்வது சட்டப்படி குற்றம் ஆகாமல் போகலாம். சிக்கல் சட்டத்தில் இல்லை. முகம் தெரியாத ஒருவர் பூட்டை உடைத்த கோப்பை எதற்காக இலவசமாகக் கொடுக்கிறார் என்று யோசியுங்கள். அதற்குள் பின்கதவு வைத்துத் தருவது வாடிக்கை. கிளையண்ட் தளத்தில் சூதாட்ட விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். அப்டேட்டும் வராது. பணம் இல்லையென்றால் அதிகாரபூர்வ ப்ளக்இன் தொகுப்பில் இலவச மாற்று தேடுங்கள், பல்லாயிரம் இருக்கின்றன.

காண்ட்ரிப்யூட் பண்ணுங்க, காண்ட்ரிப்யூட் பண்ணுங்கன்னு சொல்றீங்க. எனக்குக் கோடிங்கே அரைகுறை. எங்க ஆரம்பிக்கிறது?

வேர்ட்பிரஸை உருவாக்குவது தனித்தனிக் குழுக்கள். கோர் குழு நிரலைப் பார்க்கிறது. அது போக ஆவணம், பயிற்சி, உதவி, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, அணுகல்தன்மை, சோதனை, சமூகம், புகைப்படம் என்று பல. எல்லாக் குழுவும் பொதுவெளியில்தான் பேசுகின்றன. ஸ்லாக் என்ற அரட்டைச் செயலியில் கணக்கு தொடங்கி ஓரமாக உட்கார்ந்து வாரக் கூட்டம் ஒன்றைக் கவனித்தாலே நடைமுறை பிடிபடும்.

என்னைக் கேட்டால், உதவி மன்றத்தில் தொடங்குங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ப்ளக்இனையோ தீமையோ எடுத்துக்கொண்டு, பதில் வராமல் கிடக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அடுத்தவர் தளத்தில் என்ன உடைந்தது என்று தேடும்போது கற்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. எதிரே இருப்பவர் கோபத்தில் எழுதியிருப்பார், பாதி விவரம்தான் தருவார். அவரிடமிருந்து மீதியை வாங்கத் தெரிந்தால் கிளையண்ட்டைக் கையாளவும் தெரிந்துவிடும்.

தமிழ்ல மொழிபெயர்க்கலாம்னு பாத்தேன், ரெண்டு தமிழ் இருக்கே? நான் எழுதினதும் ஏத்துக்கல.

ஆமாம், மொழிபெயர்ப்புத் தளத்தில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு வட்டாரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. உங்களுக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் எழுதுவது முதலில் பரிந்துரையாக மட்டுமே நிற்கும். அந்த மொழியின் பொது ஆசிரியரோ குறிப்பிட்ட ப்ளக்இனுக்கான ஆசிரியரோ ஒப்புதல் தந்தால்தான் தளங்களுக்குப் போகும். அவர்களும் தன்னார்வலர்கள்தான், வரிசை நீளம். ஸ்லாக்கில் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம்.

நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணம், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவது. அடுத்தது, வரிக்குள் பெயரோ எண்ணோ வரவேண்டிய இடத்தைக் காட்டும் %s போன்ற இடநிரப்பிகளைக் கையாளத் தெரியாதது. அந்த இடத்தில் என்ன பெயர் வரும் என்று தெரியாதபோது, அதன் வாலில் நேரடியாக வேற்றுமை உருபை ஒட்டினால் "மதுரைஇல்" என்று திரையில் வந்து நிற்கும். "என்ற தளத்தில்", "என்பவரால்" என்று இடையில் ஒரு சொல் போட்டால் எதற்கும் பொருந்தும். இரண்டு இடநிரப்பி இருந்து தமிழில் வரிசை மாறுகிறதென்றால், எண் சேர்த்த வடிவத்தை (%1$s, %2$s) பயன்படுத்துங்கள், கணினி சரியாக மாற்றிப் போடும்.

கோர்ல என் பேரு வரணும். அதுக்கு என்ன வழி?

டிராக் என்ற டிக்கெட் அமைப்பில் புதியவர்களுக்கென்றே "நல்ல முதல் பிழை" என்று குறித்து வைத்திருப்பார்கள். ஒன்றைப் பிடித்து, கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளம் வழியாகத் திருத்தம் அனுப்பலாம். பிளாக் எடிட்டர் வேலை முழுக்க கிட்ஹப்பிலேயே நடக்கிறது. உங்கள் திருத்தம் சேர்க்கப்பட்டால், சேர்த்ததற்கான குறிப்பில் உங்கள் கணக்குப் பெயரைக் குறிப்பிடுவார்கள். அந்தப் பதிப்பு வெளியாகும்போது, வேர்ட்பிரஸ் டேஷ்போர்டிலேயே இருக்கும் பங்களித்தோர் பட்டியலிலும் பெயர் வரும்.

நிரல் எழுதினால்தான் பெயர் என்றும் இல்லை. பிறர் அனுப்பிய திருத்தத்தை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தச் சூழலில் சோதித்தீர்கள், என்ன நடந்தது என்று தெளிவாக எழுதினாலும் பெயர் சேரும். டிக்கெட் எண்ணிக்கைக்கு ஏற்ற சோதனை ஆட்கள் எப்போதும் இருப்பதில்லை, அதனால் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. ஆனால் கணக்குப் பக்கத்தில் வரும் பேட்ஜுக்காக ஒற்றை எழுத்துத் திருத்தமாக அனுப்பிக் குவிக்காதீர்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, டிக்கெட்டைத் திறந்தும் படிப்பார்கள்.

இவ்வளவும் ஓசியில உழைச்சா எனக்கு என்ன மிச்சம்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். உடனடிப் பணம் கிடையாது. கிடைப்பது பொதுவில் நிற்கும் பதிவு: நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள், ஒருவர் உங்கள் நிரலில் குறை சொன்னால் எப்படிப் பதில் சொல்கிறீர்கள், எடுத்த வேலையை முடிக்கிறீர்களா என்பதெல்லாம் முன்பின் அறியாத ஒருவர் பார்க்கும்படி இருக்கும். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை தேடுகிறவருக்குக் கல்லூரிப் பெயரைவிட இது உதவும்.

சம்பளத்தோடு பங்களிப்பவர்களும் உண்டு. வேர்ட்பிரஸால் வாழும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் ஐந்து சதவீதத்தை அதற்கே திருப்பித் தரவேண்டும் என்று 2014இல் முல்லன்வெக் முன்வைத்த யோசனை, "எதிர்காலத்துக்கு ஐந்து" என்ற திட்டமாக நடக்கிறது. நேர்காணலில் "அலுவலக நேரத்தில் பங்களிக்க அனுமதி உண்டா" என்று நீங்கள் கேட்கலாம். வீட்டு வாடகைக்கே திண்டாட்டம் என்கிற நிலையில் இருந்தால் இப்போதைக்குப் பங்களிப்பைத் தள்ளிவைப்பதில் தவறில்லை. வாரம் ஒரு மணி நேரம் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். இலவச உழைப்பைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ஃப்ரீலான்ஸா பண்றேன். கிளையண்ட் காசும் தர மாட்டேங்குறார், வேலையும் முடிய விட மாட்டேங்குறார்.

எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், உள்ளடக்கம் யார் தருவது, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், "சரி" என்று அவர் பதில் போட்டிருக்க வேண்டும். வேலை இழுப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் உள்ளடக்கம் வராததுதான், அதனால் கடைசித் தவணையைத் தளம் வெளியாவதோடு முடிச்சுப் போடாமல் ஒரு தேதியோடு முடிச்சுப் போடுங்கள். பாதி அட்வான்ஸ் கேட்பது வழக்கத்துக்கு மீறியது இல்லை.

டொமைனை எப்போதும் கிளையண்ட் பெயரில், அவர் மின்னஞ்சலில் வாங்குங்கள். பணம் வராதபோது பிடித்துவைக்க உதவும் என்று தன் பெயரில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது வசூல் வழி இல்லை, சண்டைக்கு வழி. நிலையான வருமானம் வருவது வருடப் பராமரிப்பில்: அப்டேட், பேக்கப், மாதம் ஒரு மணி நேரச் சின்ன வேலைகள். தளத்தை ஒப்படைக்கும் அன்றே அதற்கும் விலை சொல்லிவிடுங்கள், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் "இதுக்கெல்லாமா காசு" என்பார்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டுப் பணம் வருகிறதென்றால் ஆடிட்டரை முதலிலேயே பாருங்கள்.

இன்னொன்று: உங்கள் தொழிலின் டொமைன் பெயருக்குள் "வேர்ட்பிரஸ்" என்ற சொல்லைப் போட்டுவிடாதீர்கள். அந்த வணிகமுத்திரை 2010 முதல் வேர்ட்பிரஸ் ஃபவுண்டேஷனிடம் இருக்கிறது, டொமைனில் பயன்படுத்த அனுமதி இல்லை. டபிள்யூபி என்று சுருக்கி வைப்பவர்கள் அதிகம்.

வேர்ட்கேம்ப் போகணும்னா இங்கிலீஷ் நல்லா வரணுமா?

வேர்ட்கேம்ப் என்பது வேர்ட்பிரஸ் ஆட்கள் கூடும் மாநாடு. ஆங்கிலம் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்தால் போதும். வேர்ட்கேம்ப் ஆசியா 2023இல் பாங்காக், 2024இல் தைபே, 2025இல் மணிலா என்று சுற்றி 2026க்கு மும்பைக்கு வந்தது. நுழைவுக் கட்டணத்தை விளம்பரதாரர்கள் தாங்குவதால் குறைவாகவே வைப்பார்கள், பயணமும் தங்குமிடமும்தான் செலவு. ஒரு நாள் பங்களிப்புக்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். உரைகளை வீடியோவில் பிறகும் பார்த்துக்கொள்ளலாம், அந்த நாளைத் தவறவிடாதீர்கள். மேலே சொன்ன குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும், அனுபவம் இல்லாதவர்களுக்கு ஆள் வைத்தே சொல்லித்தருவார்கள்.

மேட்டுக்கும் டபிள்யூபி எஞ்சினுக்கும் சண்டைன்னாங்களே. இதை நம்பி வாழ்க்கையை ஓட்டலாமா?

நடந்தது சுருக்கமாக: 2024 செப்டம்பரில் முல்லன்வெக், டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் திருப்பித் தருவது போதாது, வணிகமுத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று பொதுமேடையில் சாடினார். பிறகு அந்த நிறுவனத்துக்கு வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் சேவைகள் அடைக்கப்பட்டன. அக்டோபரில் அது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. அதே மாதம், அதன் பிரபலமான ஏசிஎஃப் ப்ளக்இன் அதிகாரபூர்வத் தொகுப்பில் இருந்த இடத்தை டாட் ஆர்க் தரப்பு எடுத்துக்கொண்டு வேறு பெயரில் வெளியிட்டது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பழைய நிலைக்குத் திருப்பச் சொன்னது.

யார் பக்கம் நியாயம் என்பதில் நண்பர்களுக்குள்ளேயே பேச்சு நின்றுபோன கதை உண்டு. எனக்கு உறைத்தது வேறு: உரிமம் நிரலுக்குத்தான் காவல். அப்டேட் வரும் சர்வருக்கு அந்தக் காவல் இல்லை, அது யார் கையில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். அதனால்தான் 2025இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் ஃபேர் என்ற மாற்று வழங்கல் ஏற்பாட்டைச் சிலர் தொடங்கினார்கள். மென்பொருள் நாளைக்கே மறைந்துவிடாது. ஆனாலும் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், தரவுத்தளம் இவற்றை வேர்ட்பிரஸுக்கு வெளியிலும் செல்லுபடியாகும் அளவுக்குக் கற்றுவையுங்கள். கிளையண்ட் பேக்கப்பில் ப்ளக்இன் கோப்புகளும் சேர்ந்திருக்கட்டும்.

என் ப்ளக்இனை ஒருத்தர் காப்பி அடிச்சு வேற பேர்ல விக்கிறார். கேஸ் போடலாமா?

ஜிபிஎல் பற்றிய பதிலை இன்னொரு முறை படியுங்கள். நீங்களே கொடுத்த அனுமதி அது. விற்றதற்காக வழக்குப் போட முடியாது. ஆனால் உங்கள் பதிப்புரிமைக் குறிப்பை அவர் நீக்கியிருந்தால், மாற்றியதைக் குறிப்பிடாமல் இருந்தால், ஜிபிஎல் அல்லாத உரிமத்தில் பூட்டி விற்றால், அது உரிம மீறல். உங்கள் ப்ளக்இனின் பெயரையோ சின்னத்தையோ பயன்படுத்தினால் அது வணிகமுத்திரை விஷயம், தனியே கேட்கலாம். அதிகாரபூர்வத் தொகுப்பில் போட்டிருக்கிறார் என்றால் ப்ளக்இன் குழுவுக்கு ஆதாரத்தோடு எழுதுங்கள். இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று காட்டுங்கள். கோபத்தில் எழுதிய பத்துப் பத்தியை அங்கே யாரும் படிக்க மாட்டார்கள்.